தாங்கி, எண்ணிக்கை ஒன்று

காரில் ஒரு போன் ஸ்டாண்டு வைக்க மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை வருவதற்குள் வாங்கி ஒட்டிவிடலாம். சாலைப் பாதுகாப்பு வாரியத்துக்குப் பதினான்கு மாதங்களும் ஒரு ஆளின் வலது கையும் தேவைப்பட்டன.

கைக்குச் சொந்தக்காரனை வாரியத்தில் எல்லோரும் ஏணி என்று கூப்பிட்டார்கள். ஸ்டூல் போடாமல் டியூப் லைட் மாற்றுகிற உயரம், அதற்கேற்ற கை. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு மேசைக்கு மேசை போய்க்கொண்டே இருந்தது. எந்த மேசையிலும் யாரும் அதை மறுக்கவில்லை. மறுப்பதற்கும் கையெழுத்துப் போட வேண்டுமே.

கதை காரில் தொடங்குகிறது. வாரியத் தலைவருக்கு ஒரு சொகுசு கார் வாங்கினார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள். டாஷ்போர்டு முழுக்கக் கையால் தைத்த பால்நிறத் தோல். உள்ளே பெரிய திரை, திரையில் வழிகாட்டும் வரைபடம், அதற்கு ஒரு பெண் குரல். முதல் வாரமே ஓர் அமைச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது அந்தக் குரல் தலைவரைப் பார்த்து, "நீங்கள் தவறான பாதையில் போகிறீர்கள், திரும்பிப் போங்கள்" என்று மூன்று முறை சொல்லிவிட்டது. அன்றோடு திரையின் வாயை அடைத்தார்கள். இனி தலைவரின் சொந்த போன்தான் வழி சொல்ல வேண்டும் என்று முடிவானது.

போனை எங்கே வைப்பது? ஓட்டுகிறவர் அதைத் தொட்டால் குற்றம் என்று விதி போட்டதே இந்த வாரியம்தான். டிரைவர் யோசிக்கவில்லை. சிக்னலில் கூவி விற்ற ஒரு போன் ஸ்டாண்டை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டினார். மூன்று நாள் அது ஒழுங்காக நின்றது. நான்காம் நாள் வெயிலில் பிடி தளர்ந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தில், பால்நிறத் தோலில் ஒரு வளையம் மிஞ்சியது.

அந்த வளையத்தை வாரியச் செயலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். புகைப்படம் எடுத்தார்கள். டிரைவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. ஸ்டாண்டை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, சாட்சிப் பொருள் என்று எழுதிப் பண்டக அறையில் பூட்டினார்கள். பிறகு, இப்படி ஒரு கொடுமை இனி நடக்கக் கூடாது என்பதற்காக, பாதுகாப்பான கைபேசித் தாங்கி தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. போன் ஸ்டாண்டு என்ற சொல் அன்று முதல் வாரியத்தில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

குழு தேர்ந்தெடுக்கும்வரை போன் எங்கே இருக்கும் என்ற கேள்வி வந்தபோதுதான் செயலாளர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். வராந்தாவில் ஏணி நின்ற இடத்திலிருந்தே ஒரு பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா ஏணி, உள்ள வா. கைய நீட்டு."

நீட்டினான்.

"ஆடுதா?"

"இல்லீங்கய்யா."

"நம்ம வாரியம் உன்ன நம்புது. தலைவர் தன் போனைத் தானே பிடிச்சா பதவிக்கு அழகில்ல. டிரைவர் பிடிச்சா சட்டப்படி தப்பு. நீ டிரைவரும் இல்ல, தலைவரும் இல்ல. உன்ன மாதிரி ஆளுக்குத்தான் விதியில இடம் இருக்கு."

"எத்தனை நாளைக்குங்கய்யா?"

"குழு முடிவெடுக்கிற வரைக்கும். அது முடியட்டும், உன் நிரந்தரக் கோப்பை நானே எடுத்து வைக்கிறேன்."

பதினோரு வருடத்தில் அந்தக் கோப்பைப் பற்றி ஒரு அதிகாரி தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏணி அன்றே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"முன்சீட்டுல கைய நீட்டிக்கிட்டே உக்காரணுமா?"

"ஆமா. கார்ல ஏசி இருக்கு."

"கையில ஏசி இருக்கா?"

அந்தக் கேள்வி அவனுக்கு அப்போது புரியவில்லை. மூன்றாம் நாள் புரிந்தது.

குழு மாதம் ஒருமுறை கூடியது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தாங்கி வரும், ஏணியையும் கூப்பிடுவார்கள். அவன் பெயர் கூட்டக் குறிப்பில் "தற்போதைய ஏற்பாடு" என்று இருந்தது. ஏசி காற்று வரும் வாயில் மாட்டுகிற தாங்கி வந்தது. அது குளிர்ச்சியைத் தடுத்துத் தலைவரைப் புழுங்க வைக்கும் என்று தள்ளினார்கள். காந்தத் தாங்கி தலைவரின் கைக்கடிகாரத்தைக் குழப்பக்கூடும். தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில் நிற்கும் தாங்கியை வைத்தால் பாட்டில் எங்கே போகும் என்பது பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. ஐந்தாம் மாதம் வந்த தாங்கியில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"குறையே இல்லாத பொருளை எப்படி நம்புறது? நாம சரியாப் பாக்கலன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்" என்றார் செயலாளர். அதையும் தள்ளினார்கள்.

தற்போதைய ஏற்பாட்டுக்கும் சோதனைகள் நடந்தன. வேகத்தடைகள்மேல் காரை ஏற்றி இறக்கி அவன் கை எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். உள்ளங்கை வியர்த்ததால் வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். ஒருநாள் அவன் தும்மியபோது போன் இம்மியளவு சரிந்தது. அவனுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "தூசி பட்டதால் தும்மிவிட்டேன், இனித் தும்மமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தான்.

எட்டாம் மாதம் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். காரில் தாங்கி இருப்பதாகக் குறிப்பு சொல்கிறது, பண்டகப் பதிவேட்டில் தாங்கியே இல்லையே என்று கேட்டுவிட்டார்கள். பண்டகக் காப்பாளர் நல்ல மனிதர், ஆனால் பதிவேட்டுக்குப் பயந்தவர். ஒரு தகர வில்லையோடு ஏணியைத் தேடி வந்தார்.

"தப்பா நினைச்சுக்காத ஏணி. எண் போட்டே ஆகணும்."

"பென்சில்ல எழுதிக்கங்களேன் சார். அப்புறம் அழிச்சுக்கலாம்."

"பதிவேட்டுல பென்சில் ஆகாதுப்பா. மையில எழுதினதைக் குழு கூடித் தீர்மானம் போடாம அடிக்கவும் கூடாது."

கம்பியில் கோத்த அந்த வில்லையை அவன் மணிக்கட்டில் முறுக்கிக் கட்டினார். பதிவேட்டில், ஒரு மேசை விசிறிக்கும் இரண்டு பூட்டுகளுக்கும் கீழே எழுதினார்: தாங்கி, எண்ணிக்கை ஒன்று. நிலை: பயன்பாட்டில் உள்ளது.

அன்று சாயங்காலம் மனைவி அதைப் பார்த்தாள். அவன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கை கொஞ்ச நாளாகவே சொன்னபடி கேட்பதில்லை. கீழே தொங்கவிட்டால் தானாக மேலே எழும்பி, எதையோ ஏந்திக்கொண்டு நிற்பது போல் நிற்கும்.

"இது என்னங்க?"

"எண்."

"எதுக்கு?"

"தொலைஞ்சு போகாம இருக்க."

"நீங்க தொலைஞ்சா நானில்ல தேடணும்? அவங்க எதுக்குத் தேடுறாங்க?"

அவள் எழுந்துபோய் அளவு நாடாவைக் கொண்டுவந்து அவன் தோளை அளந்தாள். போன வருடத்துச் சட்டை அளவு நோட்டில் இருந்தது. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் உயர்ந்திருந்தது. அவள் அதைப் புதிதாக எழுதிக்கொண்டு, அடுத்த சட்டைக்கு வலது பக்கத்தைத் தனியாக வெட்டினாள். தைக்கும்போது இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள்.

"லீவு போடுங்க" என்றாள்.

கேட்டுப் பார்த்தான். தாங்கிக்கு லீவு கொடுத்தால் கார் முழுமையற்ற கார் ஆகிவிடும் என்று செயலாளர் வருத்தத்தோடு சொன்னார். "கொஞ்சம் பொறுத்துக்கப்பா. கோப்பு என் மேசைக்கு வந்துடுச்சு" என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏணி இன்னும் நான்கு மாதம் கையை நீட்டினான்.

ஒருநாள் தலைவர் இறங்கிப் போன பிறகு, டிரைவர் அவன் முன்னாலிருந்த தோல் மூடியைத் தட்டிக் காட்டினார். அதில் சின்ன எழுத்து பொறித்திருந்தது.

"ஏணி, இது என்ன தெரியுமா? ஏர்பேக். வண்டி மோதினா இதுக்குள்ள இருந்து பை வெடிச்சு வரும். கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள."

"நல்லதுதானண்ணே?"

"உனக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லாட்டி நல்லது. உன் கை அது மேலதானே போகுது."

ஏணி ஒரு மனு எழுதினான். மனைவி படித்துப் பார்த்து, 'கை போனால் வேறு கை முளைக்காது' என்று ஒரு வரி சேர்த்தாள். மனு அந்த மாதக் குழுவில் வந்தது. விசித்திரம் என்னவென்றால், அன்று வந்த ஒன்பதாவது தாங்கியை நிராகரிக்கக் குழு எழுதிய காரணமே ஏர்பேக்தான். ஏர்பேக்கின் பாதையில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது, அது பறந்து பின்னிருக்கைக்கு வரும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்.

"அப்ப என் கைங்கய்யா?" என்று கேட்டான் ஏணி. அவன் கை அப்போதும் நீண்டிருந்தது. கோபத்தில் நீட்டியதாக ஒருவர் நினைத்து முகம் சுளித்தார்.

தலைவர் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தார். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, பெருந்தன்மையோடு விளக்கினார்.

"தம்பி, பயப்படாத. தாங்கி தனிப் பொருள், பறக்கும். பறந்தா என் மேல விழும். உன் கை அப்படி இல்ல. உன் உடம்போட சேந்திருக்கு. எங்கயும் போகாது. அந்த வகையில பாத்தா இருக்கிறதுலயே பாதுகாப்பான ஏற்பாடு நீதான்."

குழு மேசையைத் தட்டி வரவேற்றது. மனுவின்மேல் "விளக்கப்பட்டது" என்று எழுதினார்கள்.

பதினான்காம் மாதம் ஓட்டுநர்களுக்கான உறுதிமொழி நிகழ்ச்சி. வண்டி ஓட்டும்போது போனைப் பார்க்க மாட்டேன் என்று தலைவர் படிக்க, இரண்டாயிரம் பேர் திருப்பிச் சொல்ல வேண்டும். படிக்க வேண்டியது போனில் இருந்தது. போகிற வழியில் தலைவர் ஒத்திகை பார்த்தார்.

"எழுத்து தெரியல. இந்தப் பக்கம் திருப்பு."

ஏணி கையைப் பின்பக்கமாக முறுக்கினான். தலைவர் "ஓட்டுநராகிய நான்" என்று தொடங்கினார்.

"ஏணி, வளைவு எங்க வருதுன்னு தெரியல, இங்கயும் கொஞ்சம் காட்டு" என்றார் டிரைவர்.

"அசைக்காத" என்றார் தலைவர். "'எந்த நிலையிலும் என் கவனத்தை', அடுத்த வரி எங்க?"

வளைவு வந்துவிட்டது. வளைவின் நடுவே, ஓட்டுநர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதற்காக வாரியமே புதிதாக நட்டுவைத்த சிமெண்டுத் தூண் இருந்தது. அதன் உச்சியில் கவனம் என்று எழுதிய பலகை. கார் அதைத் தலைகுனிந்து மோதியது.

ஏர்பேக் தன் வேலையைச் சரியாகச் செய்தது. டிரைவருக்கு உதடு கிழிந்தது. தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏணியின் கை முழங்கையில் எதிர்ப்பக்கமாக மடங்கி, மணிக்கட்டு கண்ணாடியில் போய் அடித்தது. அவன் கத்தியது தனக்கே கேட்கவில்லை. தலைவர் முதலில் கேட்ட கேள்வி, "போன் என்னாச்சு?" என்பது. போன் அவன் விரல்களுக்குள் இருந்தது. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அதை எடுக்க ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. போனில் ஒரு கீறல்கூட இல்லை. தும்மினாலே விளக்கம் கேட்கிறவர்கள், விட்டுவிட்டால் என்ன கேட்பார்களோ என்று அவன் உடம்பு பயந்திருக்கிறது. இதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

வாரியம் அறிக்கை வெளியிட்டது. மோதல் நிலையிலும் கைபேசி பாதுகாக்கப்பட்டதால் தற்போதைய ஏற்பாடு இறுதிச் சோதனையில் தேறியதாக அதில் கண்டிருந்தது. வாரியத்தின் எல்லாக் கார்களுக்கும் இதை விரிவாக்கலாம் என்றும் பரிந்துரைத்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துச் செயலாளர் ஏணியின் வீட்டுக்கு வந்தார். பண்டகக் காப்பாளர் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி பின்னால் வந்தார். அது ஒரே அறையுள்ள வீடு. மெஷினைச் சுற்றிச் சீருடைத் துணி மலையாகக் கிடந்தது. ஏணி கட்டிலில் இருந்தான். மாவுக்கட்டு போட்ட கை முன்னால் நீண்டிருந்தது. முழங்கைக்குள் தகடு வைத்திருந்தார்கள். விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடம் நடந்து பதின்மூன்றாம் வருடம் அவன் கோப்பும் ஒருவழியாக முடிந்திருந்தது. உடல்தகுதி இல்லாததால் நிரந்தரமாக்க இயலவில்லை.

"அதுக்காக வாரியம் உங்கள விட்டுடாதும்மா" என்றார் செயலாளர். "கருணை அடிப்படையில உனக்கு வேலை தர்றதா தீர்மானம். இவரோட வேலையே."

ஏணியின் மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"இந்தக் கைய வச்சுத்தான் தைக்கிறேன்ங்கய்யா."

"வேலை நேரம் போக மத்த நேரம் தைச்சுக்க. யார் வேண்டாங்கிறா? கை நீளம் மட்டும் பாத்துடலாம். அளவு நாடா இருக்குமே?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன், "வேண்டாம், குடுக்காத" என்றான். அவள் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். செயலாளர் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார்.

"இருபத்திரண்டு. கொஞ்சம் எட்டாது" என்று யோசித்தார். "பரவால்ல, சீட்டை முன்னால தள்ளிக்கலாம்."

பண்டகக் காப்பாளர் 'தகுதியான தாங்கிகள்' என்ற தலைப்பின்கீழ் 'தையல்காரி, இருபத்திரண்டு' என்று எழுதினார். அவள் நாடாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, நீங்களும் கொஞ்சம் கைய நீட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"சும்மா நீட்டுங்கய்யா."

தையல்காரி நாடாவோடு எதிரே வந்து நின்றால் யாருக்கும் கை தானாக நீளும். செயலாளருக்கும் நீண்டது, அதுவும் நீளமான கைதான். அவள் நிதானமாக அளந்து, துணி அளக்கும்போது சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"இருபத்தாறு. இவருக்கும் இருபத்தாறுதான். உங்களுக்குன்னா சீட்டைத் தள்ளவே வேணாம்ங்கய்யா."

செயலாளர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆனால் பண்டகக் காப்பாளருக்கு ஒரு வழக்கம். அவர் காதில் ஓர் அளவு விழுந்தால் கை எழுதிவிடும். 'செயலாளர், இருபத்தாறு' என்று எழுதி முடித்து மையை ஊதிக்கொண்டிருந்தார்.

"அடிய்யா அதை."

"மையிலங்கய்யா" என்றார் பண்டகக் காப்பாளர், உண்மையான கலவரத்தோடு. "அடிக்கணும்னா குழு கூடணும். இந்தப் பட்டியல்ல அளவு யாருக்குச் சரியா இருக்கோ அவங்களுக்குத்தான் முதல் உரிமை. நீங்க போட்ட விதிதான்."

செயலாளர் படியிறங்கினார். வந்தபோது இருந்த நிறம் முகத்தில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் பார்க்க வந்தார். உதட்டில் தையல் பிரித்த தழும்பு. உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"ஏணி, வண்டி சரியாகி வந்துடுச்சு, ஸ்டாண்டு மாட்டிட்டாங்க."

"எந்த ஸ்டாண்டு?"

"நான் வாங்கினதுதான். சிக்னல்ல. செயலாளர் இங்கேருந்து போன அன்னிக்கே குழுவைக் கூட்டி, அரக்கு முத்திரைய உடைச்சு எடுத்து, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாங்க. பட்டியலையும் அடிச்சாச்சு. கால் மணி நேரம். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

ஏணிக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்க எந்தக் கையைத் தூக்குவது என்று ஒரு கணம் தடுமாறினான்.

"எங்க ஒட்டினாங்க?"

"அந்த வளையத்து மேலயே. அச்சா உக்காந்துடுச்சு. இப்ப கறையே தெரியல."

டிரைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஏணியின் மனைவியிடம் கொடுத்தார். தகுந்த தாங்கி கிடைத்துவிட்டதால் கருணை வேலைக்கு இனித் தேவை எழவில்லை. பழைய தாங்கி, பழுதானது எனப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. வில்லையைத் திருப்பித் தரவும்.

மருத்துவமனையில் கம்பியை அவிழ்த்து இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டிருந்தார்கள். பழுதான கையிலும் பழுதாகாத கையிலுமாக அது அவனோடேயே இருந்திருக்கிறது. முறுக்கை அவிழ்க்க வரவில்லை. அவள் துணி வெட்டும் கத்தரியை எடுத்துவந்து வெட்டினாள். நல்ல கத்தரி, வாய் மழுங்கிப்போனது. வில்லையை டிரைவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் வாசல்வரை போனபோது ஏணி கூப்பிட்டான்.

"அண்ணே, அது நல்லா நிக்குதா?"

"எங்க. வெயில் ஏறினா கழண்டு விழுது. எடுத்து மறுபடி ஒட்டிக்கிறேன்."

"விழுந்தா யாரும் விளக்கம் கேக்குறதில்லையா?"

டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"யாருகிட்டப் போய்க் கேப்பாங்க? அது ஸ்டாண்டுதானே."